லைனிங் துணியில் மூன்று கட்டம்

“ஆஸ்பத்திரி ஆர்டர் நம்ம கையை விட்டுப் போயிடுச்சு. இதை ரொம்ப மனவருத்தத்தோட உங்களுக்குத் தெரிவிச்சுக்கறேன்” என்று தழுதழுத்த குரலில் சொல்லி நிறுத்தினார் செயலாளர்.

முன்வரிசையிலிருந்து மாஸ்டரக்கா எழுந்து, “மனமார வழிமொழிகிறேன்” என்றாள்.

கூடத்தின் பின்வரிசையில் யாரோ தும்முவதுபோல ஆரம்பித்தது. சிரிப்பாக மாறி வரிசை வரிசையாக முன்னால் வந்து சேர்ந்தது.

“அக்கா, உக்காரு” என்றார் செயலாளர், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு. மூடினாலும் எல்லோருக்கும் கேட்டது.

அந்தத் தையல் சங்கத்தில் செயலாளரைச் சேர்க்காமல் இருபத்திரண்டு பேர். செயலாளர், மாஸ்டரக்காவின் கூடப்பிறந்த தம்பி. துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் இவள். சங்கத்தில் ஒரு விதி உண்டு. செயலாளர் எந்தத் தீர்மானம் கொண்டுவந்தாலும், உறுப்பினர்களில் மூத்தவர் எழுந்து வழிமொழிந்தால்தான் அது ஓட்டுக்குப் போகும். எட்டு வருடமாக அந்த மூத்தவர் இவள்தான். தம்பி பேசுவான். பேச்சு நிற்கும். இவள் எழுந்திருப்பாள். நடுவில் என்ன பேசினான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்றைக்கு அவள் மனசுக்குள் அறுபது பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தாள். கையின் காகித அச்சுகளை ஒன்றுக்கொன்று தலைகீழாகப் போட்டால் துணி மிச்சமாகும் என்று பிடிபட்ட அதே நொடியில் தம்பியின் குரல் நின்றது.

அதற்கப்புறம் இரண்டு வாரம் அவளை ஒருத்தரும் சும்மா விடவில்லை. டீ ஆறிப்போச்சு என்று ஒருத்தி சொல்ல வேண்டியதுதான், நாலு மெஷினிலிருந்து ஒரே குரலாக, “மனமார வழிமொழிகிறேன்.” மின்சாரம் போனால் வழிமொழிந்தார்கள். ஊசி உடைந்தால் வழிமொழிந்தார்கள். இதற்கெல்லாம் தலைமை காஜாக்கா. ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் நுழையும் காஜாவைக் கையாலேயே தைக்கிற ஆறு பெண்களில் மூத்தவள். மாஸ்டரக்கா வயசுதான். ஊசிக்கும் நாக்குக்கும் ஒரே கூர்.

“எங்களுக்குப் பரவாயில்லை மாஸ்டர், சிரிச்சுட்டுப் போயிடுவோம். உங்க வீட்டுக்காரர் ‘எனக்குக் காய்ச்சல்’னு சொன்னா என்ன பண்ணுவே?”

“அவரு சொன்னா எதிர்த்து ஓட்டுப் போடுவேன். போய் வேலையைப் பாரு.”

ஆனாலும் உள்ளுக்குள் குத்தியது. நூலகத்தின் மாடிப்படிக் கதவில், “கேட்கப் பழகுவோம், புதன்கிழமை மாலை” என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்ததை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். காது கேட்காதவர்களுக்கு என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறாள். அந்தப் புதன்கிழமை தாண்டவில்லை.

மாடியில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு பஸ் கண்டக்டர், ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இரண்டு குமாஸ்தாக்கள், இப்படி. டீச்சருக்கோ இவர்களில் யாருக்கு வேண்டுமானாலும் மகளாகிற வயது. வந்ததும் வராததுமாக எல்லோர் தலையிலும் ஆளுக்கொரு நோட்டுப்புத்தகத்தை வைத்தாள்.

“நான் அஞ்சு நிமிஷம் பேசுவேன். நீங்க தலையாட்டாம கேக்கணும். நோட்டு விழுந்தா, கேக்கறதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டீங்கன்னு அர்த்தம்.”

கண்டக்டர் நோட்டு முதல் வாக்கியத்திலேயே விழுந்தது. “எனக்குப் பழக்கம் டீச்சர். ஏறினவங்க எங்க போகணும்னு சொன்னாலும் தலையாட்டித்தானே ஆகணும்” என்றார். மாஸ்டரக்காவின் நோட்டு ஏழு தடவை விழுந்தது. எட்டாவது தடவை அவளே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு டீச்சர் பலகையில் மூன்று கட்டம் போட்டாள். சொன்னது. காட்டினது. சொல்லாமல் விட்டது.

“எந்தப் பேச்சா இருந்தாலும் இந்த மூணுல பிரிச்சுப் போடுங்க. முதல் கட்டம் சுலபமா ரொம்பும். ரெண்டாவது, சொன்னதுக்கு என்ன ஆதாரம் காட்டினாங்கன்னு. மூணாவதுதான் கஷ்டம். இதை ஏன் பழகணும்னா, கேட்டதுல பாதியை நாம ஒரே நாள்ல மறந்துடறோம்.”

“யார் அளந்தாங்க?” என்றாள் மாஸ்டரக்கா.

“எதைக்கா?”

“அந்தப் பாதியை. ஒரு சட்டையில பாதின்னா எனக்குத் தெரியும், மடிச்சா வந்துடும். பேச்சுல பாதின்னா எதை வச்சு மடிச்சாங்க?”

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். “எங்கயோ படிச்சேன்கா. பாத்துட்டு வந்து சொல்றேன்.”

அடுத்த புதன்கிழமை வந்து முதல் காரியமாக, “நாலு இடத்துல தேடினேன். ஆளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க. அந்த வாக்கியத்தை எல்லாரும் அடிச்சுடுங்க” என்றாள். குமாஸ்தா ஒருவர் அளவுகோல் வைத்து நேராக அடித்தார். மாஸ்டரக்காவுக்கு அந்தப் பெண்ணை அன்றைக்கே பிடித்துப்போனது.

வீட்டில்தான் சிக்கல். அவள் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். திருத்தித் திருத்திச் சொந்தமாக எழுதும் ஆசை வந்துவிட்ட மனிதர். மைத்துனரின் பேச்சுகளை எல்லாம் எழுதித் தருவது அவர்தான்.

“இந்த வீட்ல என் சட்டையை யாரும் எடுத்து வைக்கறதே இல்லை” என்றார் ஒருநாள் காலை.

“இது சொன்னது. எதைக் காட்டறீங்க?”

“என்னத்தைக் காட்டறது? சட்டையைக் காணோம்கறேன்.”

“நேத்து வச்சேன், முந்தாநாள் வச்சேன். ‘எடுத்து வைக்கறதே இல்லை’ங்கறீங்க. அந்த ‘ஏ’ எங்கேருந்து வந்துது?”

“ஏம்மா, உன்கிட்ட பேசணும்னா இனிமே சாட்சியோட வரணும் போலிருக்கே.”

“வாங்க. சட்டை நாற்காலி மேல இருக்கு. அதுவே சாட்சி.”

இப்படி அவள் தேறிக்கொண்டிருந்த நாட்களில்தான் தம்பி புதுக் கோட்டுக்குத் துணி எடுத்து வந்தான். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம்; அதில் பெரிய தீர்மானம் ஒன்று கொண்டுவரப்போகிறான். கூட்டத்துக்கு முன்னால் அக்காவின் கட்டிங் மேசைக்கு எதிரே நின்று பேச்சை ஒருதரம் சொல்லிப் பார்ப்பது அவன் வழக்கம். இவள் கத்தரியும் கையுமாக இருப்பாள். அன்றைக்குக் கோட்டுக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அன்பார்ந்த உறுப்பினர்களே. நேற்று நம்முடையது. நாளையும் நம்முடையது.”

“இன்னைக்கு?”

“என்னது?”

“இன்னைக்கு யாரோடதுடா?”

தம்பி காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தான். “அக்கா, நீ கேக்கறியா?”

“கேட்டா என்ன?”

“நீ கேக்க மாட்டேங்கற தைரியத்துலதான் இங்க வந்து பேசறதே. சுவத்துகிட்ட பேசற மாதிரி கூச்சமில்லாம வரும்.”

“சுவத்துக்குக் காது முளைச்சிருக்கு. நீ பேசு.”

அவன் பேசினான். இடம் பெரிது, எண்ணமும் பெரிது. எந்திரம் புதிது, ஏற்றமும் புதிது. பெரிய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடிக்குச் சங்கம் குடிபோகிறது. காஜா தைக்க எந்திரம் வருகிறது. ஒருவருக்கும் வேலை போகாது. இது செயலாளரின் வாக்கு. ஊரே திரும்பிப் பார்க்கும்.

மாஸ்டரக்காவின் கத்தரி நின்றுவிட்டது. வகுப்பு நோட்டு வீட்டில் இருந்தது. கையில் இருந்தது நீலச் சாக்பீஸ். எதிரே இருந்தது சாம்பல் நிற லைனிங் துணி. அதன் உள்பக்கத்தில், கோட்டோடு சேர்த்துத் தைத்ததும் மறைந்துபோகிற பக்கத்தில், மூன்று கட்டம் போட்டுத் தலைப்பும் எழுதினாள். முதல் கட்டத்தில்: புது இடம், காஜா மெஷின், யாருக்கும் வேலை போகாது. இரண்டாவது கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. மூன்றாவதில்: ஆறு பேர் என்ன செய்வாங்க?

“காஜா போடறவங்க ஆறு பேர் இருக்காங்களேடா. மெஷின் வந்தா அவங்க?”

“பேச்சுலதான் வருதே. யாருக்கும் வேலை போகாதுன்னு.”

“அது பேச்சு. நான் வேலையைக் கேக்கறேன்.”

“அக்கா, ஞாயித்துக்கிழமை நீ எழுந்து அந்த ரெண்டு வார்த்தையைச் சொன்னா போதும். மீதியை நான் பாத்துக்கறேன்.”

அவன் போன பிறகும் அந்த இரண்டு வார்த்தை அவளை விடவில்லை. அவள் சொன்னால் ஓட்டுக்குப் போகும். ஓட்டுக்குப் போன எதுவும் எட்டு வருடத்தில் தோற்றதில்லை. மாஸ்டரக்காவே எழுந்துவிட்டாள் என்று எல்லாக் கையும் எழும். ஜன்னலோரத்து ஆறு பேர் கதி என்ன ஆகுமோ தெரியாது. சொல்லாவிட்டால் கூடப்பிறந்தவன் அத்தனை பேர் நடுவில் தனியாக நிற்பான். யோசித்துக்கொண்டே லைனிங்கைச் சுருட்டி, தைப்பவர்களின் கூடையில் போட்டாள். உள்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று.

முப்பது வருடம் கத்தரி பிடித்தவள் நினைக்கிற நினைப்பா அது. கோட்டு போட்டுக்கொள்கிறவர்கள் வேண்டுமானால் அப்படி நினைக்கலாம். தைக்கிறவர்களுக்கு உள்பக்கம்தான் முதல் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது காஜாக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

“மாஸ்டர், ‘காட்டினது’ன்னு போட்டு ஒண்ணுமே எழுதலையே. மறந்துட்டியா?”

“எதுல?”

“கோட்டுக்குள்ள.”

மாஸ்டரக்கா தூக்கிய நாற்காலியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். “யார் யார் படிச்சீங்க?”

“படிக்காதவங்க யாருன்னு கேளு, சீக்கிரம் முடியும். ஓவர்லாக் மெஷின்ல ஓரம் அடிக்கிற பொண்ணு லீவுல இருந்தா. அவளுக்குப் போன்ல படிச்சுச் சொன்னோம்.”

“அடிப்பாவி. அவன் பாத்தானா?”

“போட்டுக்கறவர் எங்க பாப்பார்? மூடித் தச்சாச்சு. சும்மா தைக்கலை. கோட்டு யார் யார் கைக்குப் போச்சோ, ஆளுக்கு ஒரு வரி சேத்திருக்கோம்.”

“என்ன எழுதினீங்க?”

“கேக்கறதுக்கு வகுப்புக்குப் போறது யாரு, நானா? கேட்டுத் தெரிஞ்சுக்கோ.”

அதற்குள் செயலாளர் வந்துவிட்டார். கோட்டு தோளில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அவர் மேடை ஏறியதும் இருபத்திரண்டு ஜோடிக் கண்களும் அவருடைய இடது மார்பில் போய் ஒட்டிக்கொண்டன. அவர் குனிந்து பட்டனைச் சரிபார்த்தார். நேற்று நம்முடையது என்றார். மறுபடி பட்டனைப் பார்த்தார். எந்திரம் புதிது என்னும்போது, சட்டைப் பையில் பேனா ஒழுகுகிறதோ என்று தடவிப் பார்த்தார். ஓவர்லாக் பெண் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டாள். ஒருவருக்கும் வேலை போகாது என்றபோது மட்டும் கூடத்தில் அசைவில்லை. ஜன்னலோரத்து ஆறு பேரும் வரிசையாக மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

பேச்சு நின்றது. மாஸ்டரக்கா எழுந்தாள். வழக்கம்போல அல்ல, கொஞ்சம் தாமதமாக.

“ஒண்ணு கேட்டுக்கறேன். யாருக்கும் வேலை போகாதுன்னு செயலாளர் சொன்னார். காஜா போடற ஆறு பேரும் புது இடத்துல என்ன வேலை செய்வாங்க?”

செயலாளர் சிரித்தார். “அதான் சொன்னேனே, யாருக்கும்...”

“அது காதுல விழுந்துது. அதுக்கு அடுத்தது?”

“எல்லாருக்கும் ஏத்த வேலை இருக்கும்.”

“என்ன வேலை?”

“அதாவது, ஏற்ற... ஏற்றம்...”

கடைசி வரிசையில் மாஸ்டரக்காவின் கணவர், உறுப்பினரே இல்லை என்றாலும், தான் எழுதிய பேச்சு தடுமாறுவதைப் பொறுக்காமல், “ஏற்றமும் மாற்றமும்” என்று எடுத்துக் கொடுத்தார்.

“மாமா, கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் செயலாளர் மைக்கிலேயே.

சிரிப்பு வந்து ஓய்ந்தது. அவர் காகிதத்தைப் புரட்டினார். அதில் அதற்குமேல் ஒன்றும் இல்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது.

“தெரியலை. மெஷின் விக்கறவர் ஆளைக் குறைக்க வேண்டாம்னார். அப்படியே எடுத்துச் சொல்லிட்டேன். நானும் அவர்கிட்ட கேக்கலை.”

“அப்ப இன்னைக்கு நான் வழிமொழியலை” என்று சொல்லி மாஸ்டரக்கா உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்து வெகுநேரம் கழித்து, தம்பி கட்டிங் அறைக்கு வந்தான். உட்காரவில்லை.

“அத்தனை பேர் முன்னாடி மூக்கை உடைச்சுட்டே.”

“கேள்விதானேடா கேட்டேன்.”

“இங்க கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டேன். பேச்சுலதான் வருதேன்னே.”

அவனுக்கு ஞாபகம் வந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. “இனிமே பேச்சுன்னு எதையும் தூக்கிட்டு உன்கிட்ட வர மாட்டேன். அது இருக்கட்டும், எல்லாரும் ஏன் என் நெஞ்சையே முறைச்சுப் பாத்துட்டிருந்தாங்க?”

“கழட்டு” என்றாள் அக்கா. “கோட்டைக் கழட்டு.”

கோட்டின் அடிப்பக்கத் தையலை நாலு விரற்கடை பிரித்து, லைனிங்கை வெளியே இழுத்து மேசையில் விரித்தாள். நீலச் சாக்பீஸில் மூன்று கட்டம். அதைச் சுற்றிக் காலி இடம் இல்லாமல் விதவிதமான கையெழுத்து. தம்பி குனிந்து, வாய்விட்டே படித்தான்.

“மூணாவது மாடின்னா லிஃப்ட் உண்டா. அயர்ன் மேசைக்கு ஜன்னல் கிடைக்குமா. பாத்ரூம் எத்தனை, கதவு பூட்டுமா... இதை யாரு எழுதினது?”

“எல்லாரும் கேக்கவேண்டியதுதான். படி.”

“இந்தத் துணிக்கு இந்த நூல் கலர் பொருந்தலை... இது கேள்வியே இல்லையே.” அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டான். காஜா வருகிற ஓரத்தில், தையல் போலவே நெருக்கமான சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை இரண்டுதரம் படித்தான். “மெஷினை ஓட்டப்போறது யாரு? நான் ஓட்டறேன்.”

“கொண்டா இங்க” என்று துணியைப் பிடுங்கினாள் மாஸ்டரக்கா. காஜாக்காவின் கையெழுத்துதான்.

“நீ அவங்களைக் காப்பாத்தறேன்னு எழுந்து நின்னே. அவங்க மெஷினைக் கேட்டிருக்காங்க” என்றான் தம்பி. இப்போது அவன் சிரிப்பை அடக்கவில்லை. “உன் மூணாவது கட்டத்துல இது இல்லையேக்கா.”

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து பேனாவை எடுத்து, பேச்சுக் காகிதத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வரியாகப் படியெடுக்க ஆரம்பித்தான். லிஃப்ட். ஜன்னல். கதவு.

மறுநாள் வேலை தொடங்கும் முன்பே மாஸ்டரக்கா ஜன்னலோரம் போய், காஜாக்காவுக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள்.

“மெஷின் வேணும்னு ஏன் என்கிட்ட சொல்லலை?”

“சொல்லலையா? இந்தக் கட்டைவிரல் மரத்துப்போய் ரெண்டு வருஷம் ஆகுது. காலையில கொஞ்ச நேரம் சுடுதண்ணியில வச்சாத்தான் மடங்குது. உன்கிட்ட நாலு தடவை சொன்னேன்.”

“எப்போ?”

“நீ வெட்டிட்டிருந்தப்போ. ‘ம்’னே. ஒரு தடவை ‘சரி, வெட்டிடலாம்’னே.”

மாஸ்டரக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப ஆறு பேருக்கும் மெஷின்தான் வேணுமா?”

“பாத்தியா. ஆறு பேரையும் ஒரே கட்டத்துல போடறே. எனக்கு என் விரல்தான் தெரியும். மத்தவங்ககிட்ட போய்க் கேளு.”

கேட்டாள். ஒரு நாளைக்கு ஒருத்தி என்று, கத்தரியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்து கேட்டாள். வெறுங்கையோடு உட்கார்ந்து கேட்பது அவளுக்குத் துணி வெட்டுவதைவிடக் களைப்பாக இருந்தது. ஒருத்திக்கு மெஷின் சத்தம் ஆகாது. ஒருத்தி, வருடக் கடைசியில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறவள். இதை யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. இன்னொருத்தி கைவேலை போதும் என்றாள். ஒருத்தி மெஷினுக்குத் தயார், படிக்கட்டுக்குத்தான் பயம். எல்லோரிலும் இளையவள், “இன்னும் யோசிக்கலைக்கா” என்றாள். மாஸ்டரக்கா கேட்டதை எல்லாம் தம்பியிடம் கொண்டுபோய்ச் சொன்னாள், மகள் வீட்டு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு.

புதன்கிழமை வகுப்பில் டீச்சர், “யாராவது பேச்சு கொண்டுவந்தீங்களா?” என்றாள்.

“கொண்டுவந்தேன். மூணாவது கட்டம் தப்பாப் போச்சு” என்று மாஸ்டரக்கா நடந்ததைச் சொன்னாள்.

டீச்சர் யோசித்தாள். “பேசினவர் விட்டதை மட்டும்தான் எழுதச் சொன்னேன். கேக்கறவங்க விட்டதுக்கு நான் கட்டம் போடலையே.”

“நாலாவதா ஒண்ணு போட்டுடலாமா?” என்றார் அளவுகோல் குமாஸ்தா.

“போடலாம் சார். ஆனா அதை நிரப்பறதுக்கு நாமதான் இடத்தை விட்டு எழுந்து போகணும்” என்றாள் டீச்சர்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கூட்டம். செயலாளர் கோட்டு போடவில்லை. கையில் பேச்சு இல்லை. ஒரு பட்டியல் இருந்தது. மாமா எழுதிக் கொடுத்த முன்னுரையை, நேரம் இல்லை என்று சொல்லி, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மாமா கடைசி வரிசையில் அதை மடியில் வைத்துக்கொண்டு, தானே படித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“லிஃப்ட் இருக்கு. அடிக்கடி நிக்கும்னு கீழ்மாடிக்காரங்க சொன்னாங்க, நானே மூணு நாள் போய்ப் பாத்தேன், ஒருநாள் நின்னுது. பாத்ரூம் ரெண்டு. ஒண்ணு கதவு பூட்டாது, பூட்டு மாத்தித் தரேன்னு எழுதி வாங்கியிருக்கேன், இந்தாங்க. மெஷின் ஓட்ட ரெண்டு பேர் வேணும், ஒரு மாசம் பயிற்சி, மெஷின் விக்கறவங்களே வந்து கத்துக்கொடுப்பாங்க. கோட்டுக்கு மெஷின் காஜா நல்லா வராது, அதுக்குக் கைவேலைதான். கோட்டு ஆர்டர் ஒரு வருஷத்துக்குக் கையில இருக்கு. அதுவும் எழுத்துல இருக்கு.”

காகிதங்கள் கை மாறி வந்தன. ஜன்னலோரத்து இளையவள் எழுந்தாள். கூட்டத்தில் அவள் எழுந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

“ஒரு வருஷத்துக்கு அப்புறம்?”

செயலாளர் பட்டியலைப் பார்க்கவில்லை. “தெரியாதும்மா.”

அவர் அங்கேயே நின்றார். எல்லோரும் முன்வரிசையைப் பார்த்தார்கள்.

“முடிஞ்சுதா?” என்றாள் மாஸ்டரக்கா.

“முடிஞ்சுது.”

“இல்ல, மூச்சு வாங்க நிறுத்தினீங்களோன்னு கேட்டேன்.” எழுந்து நின்றாள். “ஓட்டுக்கு விடலாம். வழிமொழிகிறேன்.”

“மனமார எங்கே?” என்றது காஜாக்காவின் குரல்.

“அதை வீட்ல வச்சுட்டு வந்துட்டேன்.”

கைகள் எழுந்தன. செயலாளர் விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வந்து முன்வரிசையில் நின்றார். காஜாக்காவின் கை, மடங்காத கட்டைவிரலோடு, உயரமாக நின்றது. பக்கத்தில் மாஸ்டரக்காவின் கை மடியில் இருந்தது.

“அக்கா, வழிமொழிஞ்சியே.”

“ஓட்டுக்கு விடலாம்னு வழிமொழிஞ்சேன். கையைத் தூக்கறேன்னு சொல்லலையே.”

“இப்ப எது உனக்குப் புரியலை?”

“எல்லாம் புரிஞ்சுதுடா. அதனாலதான். அந்தப் பொண்ணு கேட்டதுக்குத் தெரியாதுன்னே. உண்மையைத்தான் சொன்னே, நல்லாவும் சொன்னே. தெரியாத வருஷத்துக்குத் தூக்க என் கை வர மாட்டேங்குது. நீ எண்ணு.”

தம்பி அக்காவை ஒரு நொடி பார்த்தான். கோபமா என்று அவள் தேடினாள். அவன் எண்ணுவதற்குத் திரும்பிவிட்டான். ஆதரவு பதினாலு. எதிர்ப்பு எட்டு. தீர்மானம் நிறைவேறியது என்று அவன் அறிவித்தபோது அவன் குரல் தழுதழுக்கவில்லை.

“தோத்துட்டியே, மாஸ்டர்” என்று காஜாக்கா முழங்கையால் இடித்தாள்.

“தோத்தேன். நீ ஜெயிச்சே. எனக்கென்ன நஷ்டம்?”

“ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். அங்க போனதும் உன் கட்டிங் மேசையை என் மெஷின் பக்கத்துல போட்டுக்காதே. அந்தச் சத்தத்துல நான் பேசினா உனக்குக் கேக்காது.”

“பக்கத்துலதான் போடுவேன்.”

“அப்ப ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்திட்டுப் பேசணுமா?”

“நிறுத்திட்டுப் பேசு” என்றாள் மாஸ்டரக்கா.